பேனரில் நின்றவள்

இலவச டேட்டிங் ஆப்பில் ஒரு நாளைக்கு இத்தனை லைக்தான் என்று அளவு உண்டு. தீர்ந்துவிட்டால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டும். முறை வைத்துத் தண்ணீர் விடும் ஊரில் பிறந்த மேகலாவுக்கு இது பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை. கஷ்டம் வேறு. ஒரத்தநாட்டைச் சுற்றித் தேடினால் வருகிற ஆண்களில் பாதிப் பேர் அவளுக்குப் பங்காளி முறை. மீதியில் பாதிப் பேரின் மனைவிகள் அவளோடு பள்ளியில் படித்தவர்கள்.

மேகலா கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். நல்ல பருமன். முதலில் முகம் மட்டும் தெரியும் படங்களைத்தான் போட்டிருந்தாள். மேட்டூர் திறந்தது போல லைக் வந்தது. அதில் வந்த ஒருவர் தஞ்சாவூரில் ஒரு காபிக் கடையில் அவளைச் சந்தித்தார். அவள் நாற்காலியை விட்டு எழுந்து வணக்கம் சொன்னதும், மணி அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்து, "இதோ வந்துட்டேன் சார்" என்றபடி கிளம்பிவிட்டார். எந்த சார் என்று இன்றுவரை தெரியவில்லை.

அன்றைக்கே தலை முதல் கால் வரை தெரியும் படத்தை மாற்றிப் போட்டாள். பச்சைச் சுடிதார், பின்னால் கல்லூரி மாட்டுக் கொட்டகை. அதன் பிறகு லைக் வரத்து கடைமடை வாய்க்கால் ஆகிவிட்டது. அந்தச் சொட்டில் வந்தவன்தான் கும்பகோணத்தில் விதைக் கடை வைத்திருக்கும் பரணிதரன். அவனுடைய முதல் செய்தி: "பின்னாடி நிக்கிறது உம்பளாச்சேரி மாடுங்களா?"

தன்னை விட்டுவிட்டு மாட்டைப் பார்த்திருக்கிறானே என்று ஒரு சாயங்காலம் முழுக்கக் கோபமாக இருந்தாள். பிறகு, மாடு தெரிகிற அளவுக்கு நின்று பார்த்தவன் இவன் ஒருவன்தான் என்று தோன்றியது. பேச்சு வளர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரத்தநாட்டுக்கே வருகிறேன் என்றான். வெளியூர் போய் ஒருமுறை அவமானப்பட்டாயிற்று, உள்ளூரிலேயே பட்டால் பஸ் செலவு மிச்சம் என்று அவளும் சரி என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, டவுன் பஸ் ஜன்னல் வழியாக அவள் தன்னையே பார்த்தாள்.

அண்ணன் துரைராசுவின் மகளுக்கு அடுத்த வாரம் காதணி விழா. பேருந்து நிலையத்துக்கு எதிரே பேனர் எழும்பியிருந்தது. தாய்மாமன் நடுவில் மாலையோடு நின்றார். அவருக்குப் பக்கத்தில், "அன்பு அத்தை மேகலா" என்ற பெயருக்கு மேலே, அதே பச்சைச் சுடிதாரில் ஒருத்தி நின்றாள். பாதி மேகலாவைக் காணோம். இடுப்பு உடுக்கை போல் ஒடுங்கியிருந்தது. கையை மெலிய வைத்தவர் வளையலை மறந்துவிட்டதால் அது மணிக்கட்டைத் தொடாமல் காற்றில் நின்றது.

இறங்கி, பரணிதரனைச் சந்திப்பதாகச் சொல்லியிருந்த ஜூஸ் கடையில் உட்கார்ந்து அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"ஏண்ணே, பேனர்ல எம் பேருக்கு மேல நிக்கிறாளே, யாருண்ணே அவ?"

"நல்லாருக்குல்ல? டிசைன் பண்ற தம்பி கொஞ்சம் சரி பண்ணிவிட்டுச்சு. எனக்குக்கூட முடி வச்சிருக்கு பாரு."

"முடி நீ கேட்டு வாங்குனது."

"ஆமா."

"என்னைய யாரு கேட்டா?"

துரைராசு கொஞ்சம் இருமினான். "விசேஷத்துக்கு மன்னார்குடிலேர்ந்து ஒரு எடம் வர்றாங்க, மேகலா. வர்ற வழியில ஒரு பார்வை பாத்துட்டு வரட்டுமேன்னுதான்..."

"மண்டபத்துல என்னையும் பாப்பாங்களேண்ணே."

"அதுக்குள்ள அவங்களப் பந்தியில உக்கார வச்சுடலாம்."

அவள் போனை வைத்தாள். அண்ணன் கெட்டவன் இல்லை. அதுதான் தொல்லை. கெட்டவனாக இருந்தால் சண்டை போட்டு முடித்திருக்கலாம்.

பரணிதரன் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் முதலில் பார்க்கப் போவது அந்த பேனரைத்தான். அதைப் பார்த்துவிட்டு இவளைப் பார்ப்பான். ஆப்பில் அவனை நீக்க ஒரே ஒரு அழுத்து போதும். விரல் அங்கேதான் நின்றது. மேசைக்குப் பின்னால் முகம் மட்டும் தெரிய உட்கார்ந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எழுந்து வெளியே வந்து, வெயிலில், முழுசாக நின்றாள்.

அவன் சாலையைக் கடந்து நேராக அவளிடமே வந்தான்.

"மேகலாதானே? பேனர் பாத்தேங்க. ஒரு நிமிஷம் பயந்துட்டேன்."

"ஏன்?"

"ஆப்ல வேற யாரு போட்டோவயோ போட்டு என்னைய ஏமாத்திட்டீங்களோன்னு."

"குண்டா இருக்கறவ போட்டோவத் திருடி யாருங்க போடுவா?"

"அதத்தாங்க ஸ்டாண்டுல நின்னு யோசிச்சேன். லாஜிக் இடிச்சுது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கேட்க வேண்டியது இன்னும் பாக்கி இருந்தது. "நெசமாச் சொல்லுங்க. அவதான் நான்னு நெனச்சப்ப பயம் மட்டுந்தான் வந்துச்சா?"

பரணிதரன் கைக்குட்டையால் பிடரியைத் துடைத்தான். பொய் சொல்ல அவனுக்கு வேண்டிய நேரம் இருந்தது.

"மொதல்ல கொஞ்சம் சந்தோஷம் வந்துச்சுங்க," என்றான். "பயம் அப்பறந்தான்."

சுருக்கென்று இருந்தது. இதற்கு மணி அடிக்காத போனே தேவலை என்றுகூட ஒரு கணம் தோன்றியது. திரும்பி நடந்துவிடலாம். நடந்தால் அவன் கூப்பிட மாட்டான், தலையைக் குனிந்துகொண்டு கும்பகோணம் பஸ் ஏறிவிடுவான். அப்படிப்பட்ட ஆள் என்று முகத்திலேயே தெரிந்தது.

பேனரை நிமிர்ந்து பார்த்தாள். காலையில் பஸ்ஸிலிருந்து அதை முதன்முதலாகப் பார்த்தபோது என்ன வந்தது என்று யோசித்தாள். கோபம் என்றுதான் இதுவரை தனக்கே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் மொதல்ல சந்தோஷந்தாங்க வந்துச்சு," என்றாள். "கோவமெல்லாம் ஸ்டாண்டுல எறங்குனதுக்கு அப்பறந்தான். அண்ணங்கிட்டகூட இதச் சொல்லல."

அவன் அவளைப் பார்த்தான். பேனரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"உள்ள உக்காரலாங்களா?" என்று கேட்டான்.

"இருங்க," என்றாள் மேகலா. ஆப்பில் இருந்த பச்சைச் சுடிதார் படத்தை அண்ணனுக்கு அனுப்பினாள். கீழே எழுதினாள்: "மன்னார்குடிக்காரங்களுக்கு இத அனுப்பு. பாத்துட்டு வர்றவங்க வரட்டும்."

பிறகு உள்ளே போனாள். பரணிதரன் பின்னாலேயே வந்தான். அவன் தனக்குச் சரிப்படுவானா என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை.