பச்சை மூஞ்சி

மனநல வார்டின் இரும்புக் கதவுக்கு வெளியே, காவல்கார ஜாகா சட்டையோடு கஸ்பார் வரிசையில் நின்றார். பையைச் சோதித்து உள்ளே விடுகிறவனும் ஜாகாதான். அதற்காக அவன் இரக்கம் ஒன்றும் காட்டவில்லை. சோற்றுப் பொட்டலத்தின் ரப்பர் பேண்டை உருவினான். எவர்சில்வர் கரண்டியை எடுத்து ஒரு டப்பாவில் போட்டான்.

"கோழியில எலும்பு இருக்கா?"

"பிரிச்சி எடுத்துட்டுத்தான் கொண்டாந்தேன். நம்பலன்னா கைய விட்டுப் பாருலா."

மகள் கேரன் சுவரோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கட்டு. ஒரு நாள் விடிந்ததும், இரவு வேலை முடிந்து புந்தோங் ஃபிளாட்டுக்கு வந்த கஸ்பார்தான், தன் கையைத் தானே காயப்படுத்திக்கொண்டு கிடந்தவளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். ஆளுமைக் கோளாறு என்று டாக்டர் சொன்னார். கஸ்பாருக்குச் சுர்ரென்று ஏறியது. குணத்திலேயே சீக்கு என்கிறானே, இவன் என் பிள்ளையோடு எத்தனை நாள் உட்கார்ந்து சோறு தின்றான்?

"மிஸ்ஸி கலாதேவி லீவு பா," என்றாள் கேரன், நர்ஸுகளின் மேசையைப் பார்த்தபடி. "அவங்க மட்டும்தான் பக்கத்துல உக்காந்து பேசுவாங்க. மத்த மிஸ்ஸிங்க எனக்கு சினிமாக்காரின்னு பேரு வச்சிட்டாங்க. நேத்து ராத்திரி அழுதேன். ஆளு பாக்கணும்னே அழுவுறான்னு சொல்லிட்டு லைட்ட அணைச்சிட்டுப் போயிட்டாங்க."

"தின்னு மொதல்ல."

"வீட்டுக்கு அனுப்பிருவாங்களா பா? இங்க திட்டுனாலும் ஆளுங்க இருக்காங்க. அங்க ராத்திரியில தனியா என்னால முடியாது. பயமா இருக்கு."

"அதான் சூப்பர்வைசர்கிட்ட கேட்டுருக்கேன்ல. மாசக் கடைசியில பகல் ஷிப்ட் தாரேன்னான். அது வரைக்கும் இங்கயே கெட. நான் டாக்டர்கிட்ட பேசுறேன்."

மனைவி பியாட்ரிஸ் செத்தபின் அந்த வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். கஸ்பார் கொண்டோ வாசலில் காவல் இருக்கும் இரவெல்லாம் அவள் ஒருத்திதான்.

அப்போது நூருல் என்ற ஆஸ்பத்திரிப் பெண் கையில் டேப்லெட்டோடு வந்தாள். அதில் ஐந்து மூஞ்சிகள். ஒரு கோடியில் அழுகிற சிவப்பு மூஞ்சி, மறு கோடியில் பல்லைக் காட்டுகிற பச்சை மூஞ்சி.

"இங்க கவனிப்பு எப்படி இருக்குன்னு கேக்குறோம் கேரன். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு மூஞ்சிய அழுத்துனா போதும். உள்ளத உள்ளபடி சொல்லுங்க."

"பேரு போடுவீங்களா?" என்று கேட்டார் கஸ்பார்.

"ஆமா அங்கிள். டாக்டர் பாப்பாருல்ல."

நாலாவது கட்டிலில் யாரோ கத்தினார்கள். நூருல் டேப்லெட்டைக் கட்டிலில் வைத்துவிட்டு அங்கே ஓடினாள். கேரன் முதல் கேள்வியைப் படித்தாள். அவள் விரல் நேராகச் சிவப்புக்குப் போனது. கஸ்பார் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கிறுக்கா ஒனக்கு?"

பத்து காஜா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவர் பால்வெட்டிய காலத்தில், லேபர் ஆபிசர் வருகிற நாள் என்றால் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டிலேயே கங்காணி மண்டோர் சொல்லிவிடுவான்: என்ன கேட்டாலும் எல்லாம் நல்லா இருக்கு என்று சொல்லணும். ஒருமுறை தர்மா மட்டும் வாயைத் திறந்து, லயத்துக் குழாயில் புழு வருகிறது என்றான். ஆபிசர் தலையாட்டி எழுதிக்கொண்டு கார் ஏறிப் போய்விட்டார். மறுநாள் பெரட்டில் தர்மாவுக்குக் கிடைத்தது மலை உச்சி மர நெரை. பட்டை செத்த கிழட்டு மரங்கள். வாளியின் அடி நனையவே மத்தியானம் ஆகும். தோட்டத்தை விட்டு அவன் குடும்பத்தோடு கிளம்பியபோது குழாயில் புழு வந்துகொண்டுதான் இருந்தது.

"கேக்குறவ போயிருவா," என்றார் கஸ்பார். "கதவப் பூட்டுனப்பறம் அவளுங்ககிட்ட மாட்டிக்கிட்டு உள்ள கெடக்கப்போறது நீ. இப்பிடிக் கொடு."

கேரன் படிக்கப் படிக்க, முரட்டு விரலால் அவரே அழுத்தினார். சாப்பாடா, பச்சை. சுத்தமா, பச்சை.

"பா, இது மிஸ்ஸிங்க மரியாதையா பேசுறாங்களான்னு கேக்குது."

பச்சை.

"இது, நம்ம பேச்ச காது கொடுத்துக் கேக்குறாங்களான்னு."

பச்சை. கடைசிக் கேள்வி வந்தபோது கேரன் படித்துவிட்டு அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"இது என்னன்னு கேக்க மாட்டீங்களா பா?"

"எதுவா இருந்தா என்னா? எல்லாம் ஒண்ணுதான்."

அழுத்தினார். கேரன் பொட்டலத்தை மடியில் இழுத்துக்கொண்டாள். சோற்றைப் பிசைந்தாள். பிசைந்துகொண்டே இருந்தாள்.

மறுநாள் டாக்டர் ஷர்வின், கஸ்பாரைப் பார்த்ததும் சிரித்தார். மீசை சரியாக முளைக்காத முகம்.

"நல்ல சேதி அங்கிள். நாளைக்கே கூட்டிட்டுப் போலாம்."

"மாசக் கடைசி வரைக்கும் வச்சிக்குங்க டாக்டர். ராத்திரி வீட்டுல ஆளு கெடையாது."

"வார்டு ஃபுல் அங்கிள். ரெண்டு பேரு வெளிய ஸ்ட்ரெச்சர்லயே படுத்துருக்காங்க. இத பாருங்க." டேப்லெட்டைத் திருப்பினார். "கேரனே சொல்லியிருக்காங்க. வீட்டுக்குப் போயி பாதுகாப்பா இருக்க முடியுமான்னு கேட்டதுக்குப் பச்சை."

கஸ்பார் டேப்லெட்டைக் கிட்டே இழுத்துப் பார்த்தார். "அது... அது நான் அழுத்துனது டாக்டர்."

"நீங்களா? அப்ப மத்ததெல்லாம்? மிஸ்ஸிங்க நல்லா பாத்துக்கிறதா இருக்கே. அதுவும் பொய்யா?"

கதவருகே மருந்து வண்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு மிஸ்ஸி நின்றாள். வண்டியைத் தள்ளவில்லை, கேட்டுக்கொண்டிருந்தாள். இன்று ராத்திரியும் கேரன் இவள் கையில்தான்.

"இல்ல டாக்டர்," என்றார் கஸ்பார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"அப்பறம் என்னா அங்கிள்?"

அடுத்த நாள், பகல் ஷிப்ட் உடனே வேணும் என்று கெஞ்சியதற்கு சூப்பர்வைசர் போனிலேயே முடித்துவிட்டான். "மாசக் கடைசின்னா மாசக் கடைசிதான்யா. இன்னிக்கு வரலன்னா நாளைக்கும் வராத."

மகளைக் கூட்டிவந்த அன்று சாயங்காலம், கஸ்பார் வீட்டைத் துழாவினார். கத்தி, கத்தரிக்கோல், சவர பிளேடு, பியாட்ரிஸ் வைத்துவிட்டுப் போன தையல் ஊசி டப்பா, மருந்துப் பொட்டலம் எல்லாம் சாப்பாட்டுப் பைக்குள் போயின. பை கனத்தது. கேரன் நாற்காலியில் சம்மணமிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரப்பர் பேண்ட விட்டுட்டீங்களே, ஜாகா."

"வாய மூடு. போன் பண்ணுவேன், எடுக்கணும்."

பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து இரும்புக் கம்பிக் கதவை இழுத்து, சங்கிலியைச் சுற்றினார். கேரன் எழுந்து கதவருகே வந்தாள். கீழே பஸ் ஹாரன் கேட்டது.

"எல்லாம் இருக்குல்ல? தண்ணி, சோறு. நல்லா இருப்பதானே?"

கேரன் இரண்டு சுட்டுவிரல்களையும் வாயின் ஓரங்களில் வைத்து இழுத்தாள். பல் எல்லாம் தெரிந்தது. விரலை எடுக்காமல் அப்படியே கம்பிகளுக்குப் பின்னால் நின்றாள்.

கஸ்பார் பூட்டைப் போட்டு, ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.