வளையத்தின் மேல் புள்ளிகள்

விவாகரத்து ஆன பிறகும் ஜன்ஜீராவும் ஓட்டாசீலியோவும் ஒரே ஆய்வுக்கூடத்தில்தான் வேலை பார்த்தார்கள். சாவோ கார்லோஸ் ஊரில் இதைக் கேலி பண்ணாத ஆள் கிடையாது. “வீட்டைப் பிரிச்சுக்கிட்டோம், உலையைப் பிரிக்க முடியலையே” என்று ஓட்டாசீலியோவே சிரிப்பான்.

அவன் சிர்க்கோனியத்தையும் செம்பையும் உருக்கிச் சட்டென்று குளிரவைத்து உலோகக் கண்ணாடி வார்ப்பான். அவள் அதில் எக்ஸ்-கதிரைப் பாய்ச்சி அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று பார்ப்பாள். தாறுமாறாகக் கிடப்பதாக எல்லோரும் நினைத்த அணுக்கள் உள்ளே கூட்டம் கூட்டமாக ஓர் ஒழுங்கில் நிற்கின்றன என்று இருவரும் எழுதிய கட்டுரைதான் அவர்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது.

அவன் கணையப் புற்றுநோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவள் அந்தக் கட்டுரைக்கு வார்த்த பழைய துண்டுகளைக் கம்பினாஸில் இருக்கும் பெரிய எக்ஸ்-கதிர் மையத்துக்கு எடுத்துப் போனாள். அங்கே புதுக் கதிர் பல மடங்கு கூர்மை. சுத்தமான கண்ணாடி என்றால் படத்தில் மங்கலான வளையம் மட்டும்தான் விழ வேண்டும். வளையத்தின் மேல் பொடிப் பொடியாய்ப் புள்ளிகள் மின்னின. படிகத் துணுக்குகள். உருக்கும்போது எப்படியோ காற்று புகுந்திருக்கிறது. அவர்கள் கண்ட ஒழுங்கு அந்தத் துணுக்குகளுடையது, கண்ணாடியுடையதே அல்ல. மிச்சத் துண்டுகளையும் வைத்துப் பார்த்தாள். எல்லாம் அப்படியேதான். கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

கொய்யா அல்வாவோடு அவனைப் பார்க்கப் போனாள்.

“என்ன, லஞ்சமா? கம்பினாஸ்ல என்ன வந்துச்சு?”

“நல்லா வந்துச்சு. சுத்தமான வளையம்.”

“கோர்ட்டுல கூட என் மூஞ்சியப் பாத்துத்தான் பேசுன. இப்ப ஜன்னலப் பாத்துப் பேசுற. படத்தக் காட்டு.”

காட்டினாள். அவன் வெகுநேரம் பார்த்தான்.

“என் உலைதான்” என்றான்.

“அளந்தது நான். எனக்குத் தெரிஞ்சிருக்கணும்.”

“எப்ப சொல்றதா இருந்த?”

“நீ போனதுக்கு அப்புறம்.”

அவன் சாவைப் பற்றிய பேச்சை அதுவரை இருவரும் எடுத்ததே இல்லை. அவன் சிரிக்கப் பார்த்தான். முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக் குலுங்கினான். அவள் அவன் முதுகில் கை வைத்தபடியே இருந்தாள்.

கொஞ்சம் ஆறியதும் சொன்னான்: “கட்டுரைய வாபஸ் வாங்கு. நான் இருக்கும்போதே. இல்லன்னா, செத்தவன் தலையில பழியப் போட்டுட்டாள்னு உன்னைத்தான் ஏசுவாங்க.”

இருவர் பேரிலும் வாபஸ் வெளிவந்தது. அதற்குப் பிறகு அவனைப் பார்க்க வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். குளிர்காலம் முடிவதற்குள் அவனும் போய்ச் சேர்ந்தான்.

கல்லறையில் அவன் அக்கா ஜுரேமா எல்லோர் முன்னாலும் கேட்டாள்: “சாகக் கெடந்தவன் பேரைக் கெடுத்துட்டியே, உனக்கு மனசு வந்துச்சா?” வாபஸ் வாங்கச் சொன்னது அவன்தான் என்று ஜன்ஜீரா சொல்லவில்லை.

மறு வாரம் ஆய்வுக்கூடத்தில், இனி யார் வார்ப்பது என்று கேட்டார்கள். “நானே கத்துக்கறேன்” என்றாள். அவள் முதன்முதலாக வார்த்த துண்டு அச்சுக்குள்ளேயே விரிசல்விட்டது. பக்கத்தில் நின்று திட்டக்கூட ஆளில்லை.