அப்பா இழுக்காத பெல்ட்

“சீட் கவரைக் கழட்டுங்க மாமா.”

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று அம்மா என்னிடம் சொல்லியிருந்தாள். சீர் வாங்குகிற வீட்டில் கேள்வி கேட்கப்படாது, தட்டில் வந்ததைத் தடவிப் பார்க்கப்படாது. சோறு போடும்போது சொன்னாள், தலை சீவும்போது சொன்னாள், நான் வேலைக்குக் கிளம்பி பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போதும் பின்னாலேயே வந்து சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிச்சோறு முடிந்து, மடவார் வளாகம் தெருவில் எங்கள் வீட்டு வாசலில் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்த பாண்டிதுரை மாமாவின் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டேன்.

மாமா சிரித்தார். “ஏட்டி மருமவளே, அது புதுக் கவரு. ஷோரூம் வண்டிக்குக்கூட இப்பிடி இருக்காது. கிழியுத வரைக்கும் அதுபாட்டுக்கு இருந்துட்டுப் போட்டும்.”

“கழட்டுங்க. உள்ள பாக்கணும்.”

“உள்ள என்ன பால்கோவாவா வச்சிருக்கேன்?”

எதிர்வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். அம்மா நிலைப்படியில் நின்று பல்லைக் கடித்தாள். அப்பா மட்டும் பிளாஸ்டிக் நாற்காலியில் குனிந்து, தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்தது அவரைத்தான்.

கார் வாசலில் நின்றது. வெள்ளைக் கார். போனட்டில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தன. பின் கண்ணாடியில் ‘தாய்மாமன் சீர்’ என்று கொட்டை எழுத்தில் ஸ்டிக்கர், அதற்குக் கீழே மாமாவின் பழைய கார் விற்கும் கடையின் போன் நம்பர்.

இந்தக் கார் என் தங்கை மகாலட்சுமிக்கு. பத்தாவது படிக்கும்போது பஸ் படியிலிருந்து விழுந்து, அவள் இடது காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். கொஞ்ச தூரம் நடப்பாள், படி ஏற முடியாது. இந்த வருஷம் மதுரை ரோட்டில் இருக்கிற ஒரு காலேஜில் பி.பார்ம் கிடைத்தது. காலேஜ் பஸ்ஸின் முதல் படியே அவள் முட்டி உயரம். ஹாஸ்டலில் மாடி அறைதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். கார் இருந்தால் படிப்பாள், இல்லையென்றால் வீட்டில் இருப்பாள். அவ்வளவுதான் கணக்கு. இடது காலால் கிளட்சை மிதிக்க முடியாதவளுக்கு கிளட்ச் இல்லாத வண்டி வேண்டும். எங்கள் பக்கம் அப்படிப் பழைய வண்டி கிடைப்பது லேசில்லை.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள் நான். ராஜபாளையத்தில் நூல் மில்லில் தரம் பார்க்கிற பிரிவில் வேலை. நூலில் எங்கே முடிச்சு இருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது என்று குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். இந்தப் புத்தி வீட்டுக்குள் வேண்டாம் என்பது அம்மாவின் கட்சி.

கார் தேடி நானும் அப்பாவும்தான் அலைந்தோம். அப்பா பால்சாமி மில் லாரி ஓட்டுகிறவர். வண்டி விஷயத்தில் அவர் சொன்னால் நான் மறுபேச்சு பேசியதில்லை. எந்தக் கடைக்குப் போனாலும் போனட்டில் உள்ளங்கையை வைப்பார். சூடாக இருந்தால், “நம்ம வாரதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்கான். என்னமோ மறைக்கான்” என்று திரும்பி நடப்பார். உள்ளே ஏறியதும் சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுப்பார். வண்டி தண்ணீரில் மூழ்கி எழுந்திருந்தால் பெல்ட்டின் அடியில் சகதிக் கோடு நிற்குமாம். சீட்டைத் துவைப்பார்கள், தரையைத் துவைப்பார்கள், பெல்ட்டை உருவி எவனும் துவைக்க மாட்டான் என்பார். எத்தனை வண்டி பார்த்தோமோ அத்தனை வண்டியிலும் இழுத்தார். கடைக்காரர்கள் முறைத்தாலும் இழுத்தார். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

கடைசியில் கிடைத்தது ஜெபதுரை சாரின் சாம்பல் நிறக் கார். என்னோடு காலேஜில் படித்த கேத்ரினின் அப்பா அவர். ஓய்வு பெற்று, கோயம்புத்தூருக்கு மகள் வீட்டோடு போகப் போகிறார் என்பதால் விற்றார். கிளட்ச் கிடையாது. ஞாயிறு சர்ச்சுக்கும் சந்தைக்கும் தவிர எங்கும் போகாத வண்டி. அப்பா கையை வைத்தார், பெல்ட்டை இழுத்தார், ராஜபாளையம் வரை ஓட்டிவிட்டு வந்து, “இதை விட்டா வேற வண்டி இல்ல” என்றார். மகா அந்தக் காரில்தான் ஓட்டப் பழகினாள். சாரே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் அப்பா வந்து சொன்னார், “சாரு மனசு மாறிட்டாராம். வேற ஆளுக்குக் குடுத்துட்டாராம்.”

நான் நம்பினேன். கோபத்தில் கேத்ரினுக்குப் போன் செய்வதையே நிறுத்தினேன். வாக்குக் கொடுத்துவிட்டு மாறுகிற மனுஷன், சர்ச்சுக்குப் போனால் மட்டும் ஆச்சா என்றுகூட மகாவிடம் பேசினேன்.

அதற்குப் பிறகு சுந்தரபாண்டியத்தில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. மொய் எழுதுகிற இடத்தில் இருந்த மைக்கை மாமா வாங்கினார். “என் அக்கா மக காலேஜுக்குப் போவுதா. தாய்மாமன் நான் இருக்கும்போது அவ பஸ்ஸுக்கு நிக்கலாமா? காரு என் சீரு!” பந்தலே கை தட்டியது. காதுகுத்துக்குச் சீர் உண்டு, சடங்குக்குச் சீர் உண்டு. காலேஜுக்குச் சீர் என்று எங்கள் பக்கம் யாரும் கேள்விப்பட்டதில்லை. அம்மா அழுதே விட்டாள். சொன்னபடி கார் வந்தது. தட்டில் வாழைப்பழம், தேங்காய், பால்கோவா டப்பா, நடுவில் சாவி. தெரு முனையில் ஃபிளெக்ஸ். அதில் மாமா ஆள் உயரத்தில் நின்றார், மகா பாஸ்போர்ட் போட்டோ அளவில் இருந்தாள்.

“எக்கா, காலேஜுக்குப் போறது நானா, மாமாவா?” என்று மகா கேட்டாள்.

பூசை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, ஊர் பார்க்க வண்டியை எடுத்தாகிவிட்டது. அப்பா ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கையை ஸ்டியரிங்கில் வைத்தார். ஓட்டினார். அன்றைக்கு எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

ஏசியைப் போட்டதும் ஒரு வாடை வந்தது. தாமிரபரணி பெருகின வருஷம் மில்லிலிருந்து எங்களைக் கூட்டிப் போனார்கள், வீடுகளுக்குள்ளிருந்து சகதியை அள்ளிப் போட்டோம். எத்தனை முறை குளித்தும் தலைமுடியிலிருந்து போகாத வாடை அது. அதே வாடை. அப்பாவிடம் சொன்னேன். “புதுக் கவரு வாடை” என்றார்.

போன வியாழக்கிழமை மகா ஓட்ட, நான் பக்கத்தில் இருக்க, ராஜபாளையம் ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். டேஷ்போர்டில் இருந்த விளக்கெல்லாம் ஒன்றாக எரிந்தன, அப்புறம் ஒன்றாக அணைந்தன. நடு ரோட்டில் வண்டி செத்தது. ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. பின்னால் வந்த லாரி பிரேக் பிடித்த சத்தத்தில் மகா என் கையைப் பிடித்த இடம் இன்னும் கன்றிப்போயிருக்கிறது. லாரிக்காரர் இறங்கி வந்தார், திட்டுவதற்கு வாயைத் திறந்தார், அவள் நொண்டி இறங்குவதைப் பார்த்துவிட்டு எங்கள் வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னபோது, “பேட்டரி வயரு லூசா இருக்கும்” என்றார். ரோட்டோரம் கிடந்த வண்டியை மாமா கடைக்கு இழுத்துப் போய், மறுநாள் திருப்பிக் கொண்டு வந்து நிறுத்தினார்.

சனிக்கிழமை காலையில் கேத்ரினே கூப்பிட்டாள்.

“என்னடி, போனே இல்ல? காலேஜு எப்ப திறக்காக? அப்பா வச்சு விட்ட குஷன் மகாவுக்குச் சரியா இருக்கா?”

“எந்தக் குஷன்?”

“வண்டியில வச்சாரே. மகாவுக்கு உயரம் பத்தாது, ரோடு தெரியாதுன்னு, டெய்லர்ட்ட குடுத்துத் தச்சு டிரைவர் சீட்டுல வச்சு விட்டாரு. ஒங்க அப்பாவும் மாமாவும் வந்து எடுத்துட்டுப் போகும்போது பாத்தாகளே.”

அவள் பேசிக்கொண்டே போனாள். மகாவுக்கு என்பதால்தான் கேட்டதில் பாதிக்கு விட்டாராம். போனை வைத்ததும் விசாரித்தேன், அந்தக் கார் ராஜபாளையத்தில் ஒரு டாக்டர் வீட்டில் நிற்கிறது. மாமா கடையில் வண்டி கழுவுகிறவரிடம் கேட்டதும் சொல்லிவிட்டார். அவருக்கு அது ரகசியம் என்றே தெரியாது.

அப்புறம் ஒரு பஸ் ஏறினேன். மதுரை ரோட்டில் இறங்கினேன். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, இருட்டுவதற்குள் வீட்டுக்குத் திரும்பினேன். மகாவிடம் மட்டும் சொன்னேன். அவள் பையை எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

ஆக, ஞாயிற்றுக்கிழமை நான் மாமாவிடம் கேட்டது கவருக்காக இல்லை. அப்பா வாயைத் திறப்பாரா என்று பார்க்கத்தான். ஒரு வார்த்தை அவராகச் சொல்லிவிட்டால் போதும் என்று என்னில் ஏதோ ஒன்று கடைசி வரை காத்துக்கொண்டிருந்தது.

“ஏட்டி, வாயை மூடு” என்றாள் அம்மா. “படிச்ச திமிரு. என் தம்பி சீரு செஞ்சா இவ பரிசோதனை பண்ணுதா.”

“வுடுக்கா, சின்னப் புள்ள” என்றார் மாமா. “மச்சான், நீங்களே சொல்லுங்க. நீங்க பாக்காத வண்டியா?”

அப்பா நிமிர்ந்தார். “வண்டி நல்லாத்தான் இருக்கு ஜோதி. நான் பாத்துட்டேன்.”

சொல்லிவிட்டார்.

நான் காரின் முன்கதவைத் திறந்தேன். “அப்பா, பெல்ட்டை இழுங்க.”

அவர் எழுந்திருக்கவில்லை.

“எல்லா வண்டியிலயும் இழுத்தீங்கள்ல. ஜெபதுரை சார் வண்டியில இழுத்தீங்கள்ல. இதுல மட்டும் இழுக்கவே இல்ல. இப்ப இழுங்க.”

“நாகஜோதி, செத்த நேரம் உள்ள வா. பேசுவோம்.”

“இங்கயே பேசுங்க. பிளெக்ஸு தெருவுலதான வச்சாரு.”

மகா சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. காருக்குள் குனிந்து பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள். கொஞ்சம் வந்து சிக்கியது. காலை ஊன்றி வெடுக்கென்று இழுத்தாள். அடிப்பகுதி வெளியே வந்தது. மேலே கறுப்பு, கீழே காய்ந்த மண் நிறம். இரண்டுக்கும் நடுவில் கோடு போட்ட மாதிரி இருந்தது. விரலால் தேய்த்தாள், பொடியாக உதிர்ந்தது.

எதிர்வீட்டில் சிரிப்பு நின்றது. அம்மா கிட்டே வந்து பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அப்பா மட்டும் அந்தப் பெல்ட்டைப் பார்க்கவே இல்லை. அதில் என்ன இருக்கும் என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

“தண்ணி பட்டா வண்டி என்ன செத்தா போச்சு?” என்றார் மாமா. “அம்புட்டும் மாத்திட்டேன். ஓசியில வந்த வண்டிக்கு இந்தப் பேச்சா?”

“ஜெபதுரை சார் வண்டி எங்க மாமா?”

வெற்றிலையை மெல்லுவது நின்றது.

“மகா பேரைச் சொல்லி வாங்கி டாக்டருக்குக் குடுத்தாச்சு. யாரும் வாங்காத வண்டியைச் சீருன்னு எங்க தலையில கட்டியாச்சு. ஸ்டிக்கர்ல போன் நம்பரு வேற. அவரு யாவாரி, செய்வாரு. நீங்க ஏன்ப்பா கூடப் போனீங்க?”

அப்பா செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “மைக்குல சொல்லப்போறேன்னுட்டான். வேண்டாம்னா ஒங்கம்மாவுக்குப் பொறந்த வீடு இல்லாமப் போயிரும். நாளைக்கு ஒனக்குக் கல்யாணம்னா சபையில மாலை எடுத்துக் குடுக்கத் தாய்மாமன் வேணும்லா. ஒனக்காவத்தான் தாயி…”

“எனக்கு மாலை எடுத்துக் குடுக்க ஆளு வேணும்னு மகாவை லாரிக்கு முன்னாடி விட்டீங்களா?”

மகாதான் சொன்னாள், “வுடு எக்கா. பஸ்ஸுலருந்து தானா விழுந்தேன். கார்லருந்து தள்ளிவிட ஆள் வச்சிருக்காக.”

அப்பா முகத்தை மூடிக்கொண்டார். நான் மாமாவைத் திட்டுவதற்கு நிறைய யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. ஏமாற்றுகிறவரிடம் ஏமாந்தால் கோபம் வரும். லாரி ஓட்டி என்னைப் படிக்க வைத்த மனுஷன், என் கண் முன்னால் ஊரான் வண்டியில் எல்லாம் பெல்ட்டை இழுத்துக் காட்டிய மனுஷன், சொந்த மகள் ஏறுகிற வண்டியில் கையை மடக்கிக்கொண்டதற்கு என்ன வருமோ அது எனக்கு வந்தது. அதற்குப் பேர் தெரியவில்லை.

உள்ளே போய்ச் சீர்த் தட்டை எடுத்து வந்தேன். சாவியை அதில் போட்டேன். மாமாவின் மடியில் வைத்தேன். வந்த சீரைத் திருப்பினால் உறவு முறிந்தது என்று அர்த்தம். எனக்கும் தெரியும்.

“அடிப்பாவி” என்றாள் அம்மா.

“காலேஜ் கேட்டுக்கு எதிர்த்தாப்ல கீழ் வீடு பிடிச்சிருக்கேன். மகா நடந்தே போவா. நான் பஸ்ஸுல மில்லுக்குப் போய்ட்டு வருவேன். எனக்குக் கால் ரெண்டும் நல்லாத்தான இருக்கு.”

“கல்யாணம் ஆகாத புள்ளைங்க தனியாவா? ஊரு என்ன சொல்லும்?”

“மைக்குல சொல்லச் சொல்லுங்க.”

முனையில் நிறுத்தி வைத்திருந்த ஆட்டோவைக் கை காட்டிக் கூப்பிட்டேன். பைகளை ஏற்றினேன். மகா உட்கார்ந்து காலை உள்ளே தூக்கி வைத்துக்கொண்டாள். ராத்திரியே ஜெபதுரை சாருக்குப் போன் செய்ய வேண்டும். அந்தக் குஷனில் என் தங்கை ஒருநாளும் உட்காரவில்லை என்று நான்தான் சொல்ல வேண்டும்.

“ஜோதி” என்று அப்பா கூப்பிட்டார். நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. கார்க் கதவு திறந்தே கிடந்தது, மண் அடைத்த பெல்ட் உள்ளே போகாமல் தெருவில் தொங்கியது. அப்பா நடந்து வந்து அதை எடுத்து உள்ளே தள்ளப் பார்த்தார். போகவில்லை. திரும்பத் திரும்பத் தள்ளினார்.

நான் ஆட்டோவில் ஏறி, “போங்கண்ணே” என்றேன்.