ஈயம் தொட்ட பாய்லர்

"வீடு தேடி வந்த மனுசன வாசல்லயே நிறுத்தி வெரட்டி விட்டிருக்கியே, ஒனக்குக் கூறு இருக்காலே?"

"சத்தம் போடாத லாத்தா. சந்தே கேக்குது."

"கேக்கட்டும்! கேக்கத்தான் கத்துதேன்."

சந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தது. தாராவியில் ஒரு வீட்டுச் சண்டை அடுத்த வீட்டுக்குக் கேட்கவில்லை என்றால் அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது என்று அர்த்தம். கத்தியவள் ஆபிதா. வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவள் தம்பி சலாவுதீன். நாற்பத்தாறு வயது, மனைவி மௌத்தாகி ஆறு வருஷம். பழைய எண்ணெய் டின்களை நெளிவெடுத்து, ஓட்டை அடைத்து, மறுபடி விற்கிற பட்டறை அவருடையது. விரட்டப்பட்டவன் விக்ரோலி இஜாஸ். அவன் கேட்டு வந்தது ஒரு பாய்லர்.

பாய்லர் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். கைக்குழந்தை அளவு, செம்பு. கீழே சக்கரம் வைத்த ரயில் எஞ்சின் ஒன்றின் வயிறு. பொம்மை என்று சொன்னால் அதே சந்தில் குடியிருக்கும் ஹாஃபிஸா கோபப்படுவாள். கரி போட்டு, தண்ணீர் கொதித்து, நிஜ ஆவியில் ஓட வேண்டிய எஞ்சின் அது. அவள் புருஷன் காலித் விக்ரோலித் தொழிற்சாலை ஒன்றில் லேத் ஓட்டியவன். ஏழு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்று அந்த எஞ்சினைச் செய்தான். சக்கரம், சிலிண்டர், சட்டம் எல்லாம் முடித்து, பாய்லருக்குப் பின்தட்டு ஒன்று பற்றவைப்பதுதான் பாக்கி என்றபோது மாரடைப்பில் போய்விட்டான்.

மூன்று வருஷம் கழித்து ஆபிதா தம்பிக்காகப் பெண் கேட்டுப் போனாள். ஹாஃபிஸா டீ கொடுத்தாள், பிஸ்கட் கொடுத்தாள், பதில் மட்டும் கொடுக்கவில்லை.

"அவுக செஞ்சது ஒரு தடவையாச்சும் ஓடட்டும் லாத்தா. ஓடினப்புறம் பதில் சொல்லுதேன்."

மறுநாளே சலாவுதீன் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு போய்ப் பட்டறையில் வைத்தார். எஞ்சினைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, மாஹிம் ஸ்டேஷனில் எந்தப் பெட்டியில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும் என்பது மட்டும்தான். காலித் விட்டுப்போன வரைபடங்கள் இங்கிலீஷில் இருந்தன. யூட்யூபில் வெள்ளைக்காரர் ஒருவர் இதே வேலையைச் செய்தார். பேச்சு புரியாததால் சலாவுதீன் அவர் கையை மட்டும் பார்த்தார். பளபளவென்று ஒரு கம்பி, தீ பட்டதும் இளகி மூட்டுக்குள் ஓடியது. அட, இது நம்ம ஈயம்! முப்பது வருஷமாக டின்னுக்கு வைக்கிற அதே ஈயம்.

இந்த நேரத்தில்தான் காலித்தோடு வேலை பார்த்த இஜாஸ் வந்து நின்றான்.

"பாய், பின்தட்ட வெள்ளி வச்சுத்தான் பத்தவைக்கணும். எங்க கம்பெனி கேஸ் டார்ச்சுல நான் வச்சுத் தாரேன். நீங்க தொடாதீங்க."

"வெள்ளியா? ஏன், கொலுசும் போட்டு அனுப்புதியா?"

"வெளையாட்டில்ல பாய். ஈயம்னா சூடு தாங்காது."

"ஏ, நான் அடைச்ச டின்னு ஒண்ணு ஒழுகினதாக் காட்டு, பட்டறையவே ஒனக்கு எழுதி வைக்கேன். சலோ, சலோ, நடையக் கட்டு."

விரட்டியதற்கு வெள்ளி மட்டும் காரணமில்லை. இஜாஸுக்கு முப்பத்தைந்து வயது, தலை நிறைய முடி, கல்யாணம் ஆகாதவன். மாதம் ஒருமுறை ஹாஃபிஸாவைப் பார்த்து, "மதினி, சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போவான். பாய்லரை இவன் முடித்தால் எஞ்சினை ஓட வைத்தவன் இவனாகிவிடுவான். பிறகு பதில் யாருக்குப் போகும்? சலாவுதீனின் கணக்கு இதுதான். ஹாஃபிஸா தன்னை அண்ணன் முறை வைத்துச் "சலா காக்கா" என்று அழைக்கிறாளே, அது எந்தக் கணக்கில் சேரும் என்று அவர் யோசிக்கவில்லை.

ஆபிதா கத்தி ஓய்ந்ததும் அவர் ஷட்டரை இறக்கிவிட்டுப் பின்தட்டை ஈயத்தால் பற்றவைத்தார். அழகான வேலை. குழாய்த் தண்ணீரை நிரப்பிக் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றினார். அரைமணி நேரம் ஆகியும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. அன்று சாயங்காலம் அவர் முடிக்குக் கறுப்பு அடித்துக்கொண்டதைச் சந்தில் பார்க்காதவர் இல்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, சந்து கொஞ்சம் அகலமாகும் இடத்தில், கவிழ்த்த டின்களின் மேல் பலகை போட்டு, காலித் செய்து வைத்திருந்த பன்னிரண்டடித் தண்டவாளத்தை நீட்டினார்கள். பார்க்க வந்த கூட்டம் பெருநாளுக்குக்கூட வராது. முட்டை வண்டிக்காரன் வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டான். ஹாஃபிஸா துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். இஜாஸும் வந்திருந்தான், தள்ளி நின்றான்.

கரி கனன்றது. அழுத்தம் காட்டும் முள் இருபதுக்கு ஏறியது, முப்பதைத் தாண்டியது. நாற்பதில் சலாவுதீன் பிஸ்மி சொல்லிக் கைப்பிடியைத் திருப்பினார். சிலிண்டர் ஒருமுறை தும்மியது. சக்கரம் அசைந்தது. எஞ்சின் ஒரு சாண் நகர்ந்தது.

ஹாஃபிஸா எழுந்து நின்றாள்.

அந்த நிமிஷம்தான் பின்தட்டு இளகிக் கழன்றது. கொதிநீர் நெருப்பின் மேல் கொட்டியது. சாம்பலும் ஆவியுமாகச் சந்து நிறைந்தது. சலாவுதீனின் இடது கை வெந்தது. கூட்டத்தில் யாரோ, "குக்கர் வெடிச்சிருச்சு" என்று ஓடினார்கள். ஆவி அடங்கியபோது எஞ்சின் நின்ற இடத்தில் நின்றது, வயிறு திறந்து.

இஜாஸ் குனிந்து, பற்றவைத்த இடத்தைக் கந்தலால் துடைத்துப் பார்த்தான்.

"ஈயமா வச்சீங்க?"

"சரி, வச்சிட்டேன். அதச் சொரண்டிட்டு நீ வெள்ளி வையி." சலாவுதீன் வாயில் அவனிடம் வந்த முதல் பணிவான வார்த்தை அது.

"ஒட்டாது பாய். ஈயம் தொட்ட செம்புல வெள்ளி பிடிக்காது. எவ்வளவு சொரண்டினாலும் உள்ள நிக்கும். இந்த பாய்லர் அவ்வளவுதான்."

"புதுசா ஒண்ணு?"

"செய்யலாம். முழுசா நான் செய்யணும்."

எல்லோரும் ஹாஃபிஸாவைப் பார்த்தார்கள். "அப்போ அது அவுக செஞ்சதா இருக்காதே" என்றாள் அவள். அழுவாள் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்.

ஆபிதா விடுவாளா? "அதான் ஒரு சாண் ஓடுச்சுல்லா! இத்தன பேரு பாத்தோமே. நீயும் எந்திரிச்சு நின்னியே!"

"நின்னேன் லாத்தா. ஓடல." பிறகு தரையில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள். "சலா காக்கா, கையில மருந்து போடுங்க."

அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்த பதில்.

புண் ஆறுவதற்கு ஒரு மாதம் ஆனது. அதற்குள் அவர் அந்தப் பின்தட்டை எட்டு முறை சுரண்டிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் செம்பு பளபளத்தது. ஒவ்வொரு முறையும் இஜாஸுக்கு போட்டோ அனுப்பினார். ஏழு முறையும் "இல்ல பாய்" என்றே பதில் வந்தது. எட்டாவது போட்டோவுக்குப் பதிலாக ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது: இஜாஸுக்கும் கோவண்டிப் பெண் ஃபர்ஸானாவுக்கும் நிக்காஹ். பேச்சு முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். பாய்லரைக் கேட்டு வாசலில் வந்து நின்ற அன்றைக்கே அவனுக்குப் பெண் நிச்சயமாகியிருந்தது. அவன் பாய்லரைத்தான் கேட்டிருக்கிறான்.

ஹாஃபிஸா ரம்ஜானுக்கு முன்பே அறையைக் காலி செய்துவிட்டு டோம்பிவிலியில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள், எஞ்சினைக் கொண்டுபோகவில்லை. மறு வருஷம் அங்கேயே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒருவரைக் கட்டிக்கொண்டாள். சக்கரம் வைத்த எதையும் கையால் தொட்டிராத மனுஷர் என்று ஆபிதா கல்யாணத்துக்குப் போய் வந்து சொன்னாள். பிரியாணியில் உப்புக் குறைவு என்றும் சொன்னாள். சலாவுதீன் போகவில்லை. பிறகு ஆபிதாவும் மகன் ராஹிலோடு இருக்கக் கோவண்டிக்குப் போய்விட்டாள். பட்டறையில் சலாவுதீனோடு மிஞ்சியது வயிறு திறந்த அந்த எஞ்சின்தான்.