ஆறு மணிக்கு முன் ஒரு அணைப்பு

காலையிலேயே வெண்டல் கறாராகச் சொல்லிவிட்டான்.

"இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் ஒருத்தனும் என்னைத் தொடக்கூடாது. முதுகுல தட்டுறது, தலையைத் தடவுறது, எதுவும் வேண்டாம். புரிஞ்சுதா?"

புரியாமல் என்ன? ஜூலை முப்பத்தொன்று. அணிகள் ஆட்டக்காரர்களை விற்கவும் வாங்கவும் அதுதான் கடைசி நாள், மாலை ஆறு மணி கெடு. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவன் விலைபோய்விட்டால், கூட ஆடுகிறவர்கள் அங்கேயே அவனைக் கட்டிப்பிடித்து வழியனுப்புவோம். டிவிக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் அன்றைக்கு ஒரு கேமரா பந்தைப் பார்க்கவே பார்க்காது. யார் யாரைக் கட்டிப்பிடிக்கிறான் என்று கழுகு மாதிரி பார்த்துக்கொண்டே இருக்கும். அலுவலகத்திலிருந்து முடிவான செய்தி வரும்வரை கட்டிப்பிடிக்கக் கூடாது என்பது எங்களுக்குள் எழுதாத சட்டம்.

நான் ஆர்லோ பீட்டர்கின். டொலீடோ ஹெரன்ஸ் பேஸ்பால் அணியின் புல்பென் கேட்சர். மைதானத்தின் கடைசி வேலிக்குப் பின்னால் புல்பென் என்று ஒரு கொட்டகை. பந்து எறிகிற மாற்று பிட்சர்கள் அங்கேதான் காத்திருப்பார்கள். அவர்கள் கையைச் சூடேற்ற எறிகிற பந்தைப் பிடிப்பது என் பிழைப்பு. ஆட்டத்துக்குள் நான் ஒருநாளும் கால் வைத்ததில்லை. ஆனால் பதினோரு வருஷமாக வெண்டல் ஹூக்ஸ்ட்ரா எறிந்த பந்தை முதலில் வாங்கியது இந்த உள்ளங்கைதான்.

அணி முன்னால் இருந்தால், வெண்டல் ஒன்பதாவதான கடைசி இன்னிங்ஸில் வந்து ஆட்டத்தை முடித்துக்கொடுக்கிறவன். அந்த வேலையில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. எங்கள் அணியோ, சொன்னால் வெட்கக்கேடு, நூற்று ஐந்து ஆட்டத்தில் அறுபத்தெட்டைத் தோற்றிருந்தது. முடித்துக்கொடுப்பவனுக்கு முடிக்க ஏதாவது இருக்க வேண்டாமா? வாரத்துக்கு நாலு நாள் பூசணி விதையைக் கொறித்துத் தொலியைத் துப்பிவிட்டு வீட்டுக்குப் போனான். முப்பத்துமூன்று வயது. அக்டோபரில் நடக்கும் இறுதிச் சுற்றில் ஒரே ஒரு பந்துகூட எறிந்ததில்லை. அவனுக்கு வேண்டியது அந்த ஒரு அக்டோபர்தான். தோள் இன்னும் இரண்டு வருஷம் தாங்கினால் பெரிய விஷயம் என்பது எனக்கும் அவனுக்கும் மட்டும் தெரியும்.

"அவனை வித்துத் தொலைங்கப்பா!" என்று ஒரு மாதமாகக் கத்தினவன் நான்தான். கோச் கெஸ்லருக்கு அது பிடிக்கவில்லை.

"இருக்கிற ஒரே நல்ல ஆளையும் அனுப்பிட்டா ஜனங்க எதைப் பாக்க வருவாங்க? உன் மூஞ்சியையா?"

"காலி வீட்டுக்கு எதுக்கு கோச் இவ்வளவு பெரிய பூட்டு? அவனைக் குடுத்தா பதிலுக்கு ரெண்டு சின்னப் பசங்க வருவாங்க. அவனும் பொழைப்பான், நாமளும் பொழைப்போம்."

"நாம பொழைக்கிறதா? அதுக்குள்ள நான் போய்ச் சேந்துருவேன்," என்றார்.

ஆட்டம் மூன்று பத்துக்குத் தொடங்கியது. அதிசயம், நாங்கள் முன்னால் இருந்தோம். எட்டாவது இன்னிங்ஸில் நாலுக்கு மூன்று. ஸ்கோர் பலகைக்கு மேலே கடிகாரம் ஐந்து நாற்பத்தெட்டு. வெண்டல் பெஞ்சின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தான். தப்பித்தவறி யார் தோளும் படக்கூடாது என்று இரண்டு பக்கமும் ஓர் ஆள் இடம் விட்டிருந்தோம். அவன் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது.

"கேரி பெட்டி கட்டிட்டாளாம்டா," என்றான் மெதுவாக. கேரி அவன் மனைவி. "எந்த ஊருன்னே தெரியாது. ஸ்வெட்டரும் வச்சிருக்காளாம், நீச்சல் உடுப்பும் வச்சிருக்காளாம்."

அப்போது சுவரிலிருந்த போன் அடித்தது. அதை எடுக்க வேண்டியவர் கெஸ்லர். மனுஷன் அந்த நேரம் பார்த்தா கழிப்பறைக்குப் போக வேண்டும்? நான் எடுத்தேன். மைதானத்தில் அணியை நடத்துகிற மேனேஜர்.

"வெண்டலைக் கை சூடேத்த எழுப்பாத. ஒன்பதாவதுக்கும் அவன் கிடையாது. மேல இருந்து ஆர்டர்." வைத்துவிட்டார்.

ஒரு ரன் முன்னிலை, ஒன்பதாவது இன்னிங்ஸ், அதில் வெண்டல் இல்லை என்றால் என்ன அர்த்தம்? எனக்கு ஒரே அர்த்தம்தான் தோன்றியது. விற்றாகிவிட்டது.

"உன்னை உக்கார வைக்கச் சொல்லிட்டாங்க," என்றேன்.

அவன் முகம் வெளுத்தது. "அப்படின்னா?"

"அப்படின்னா அதாண்டா மடையா!"

கட்டிப்பிடித்துவிட்டேன். சும்மா இல்லை, ஆறரை அடி ஆளைத் தரையிலிருந்து தூக்கினேன். மற்ற பிட்சர்களும் வந்து விழுந்தார்கள். நிமிர்ந்தால் பெரிய திரையில் எங்கள் மூஞ்சி! பன்னிரண்டாயிரம் பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். கேரி ஏழாவது வரிசையில் மகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள். வெண்டல் தொப்பியைக் கழற்றி ஆட்டினான். சந்தோஷத்தில் எனக்கு மூக்கு ஒழுகியது, சொல்ல என்ன வெட்கம்?

கெஸ்லர் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டே ஓடி வந்தார். "விடுடா! விடு! யார் சொன்னது? என்ன சொன்னாங்க? அப்படியே சொல்லு!"

சொன்னேன். "விலை பேசிட்டு இருக்கும்போது கை உடைஞ்சிடக் கூடாதுன்னு உக்கார வைப்பாங்கடா," என்றார். "பேச்சுதான் நடக்குது. முடிஞ்சுதுன்னு யார் சொன்னா?"

வெண்டலுக்கு அது கேட்கவில்லை. கையுறையைப் பையில் வைத்து, பொடியன்களுக்கு வேலிக்கு மேலாகப் பந்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

ஐந்து ஐம்பத்துமூன்று. போன் அடிக்கவில்லை. ஐம்பத்தாறு. கெஸ்லர் போன் பக்கத்திலேயே நின்றார். ஐம்பத்தெட்டுக்கு அடித்தது. கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினார்.

நோரா பிலிப்சன். ஆட்களை விற்பதும் வாங்குவதும் அந்த அம்மாள் பொறுப்பு.

"கட்டிப்பிடிச்சது யாரு?"

"நான்தான் மேடம்."

"ரெண்டு டீம் அவனுக்குப் போட்டி போட்டுட்டு இருந்தாங்க. ஒருத்தரை வச்சு ஒருத்தரை ஏத்திட்டு இருந்தேன். ரெண்டு பேரும் டிவில உன்னைப் பாத்தாங்க. அவன் வாங்கிட்டான்னு இவனும், இவன் வாங்கிட்டான்னு அவனும் நினைச்சு வேற ஆளுக்கு ஓடிட்டாங்க. நான் கூப்பிட்டு இல்லை இல்லைன்னு கத்துறதுக்குள்ள கையெழுத்தே போட்டுட்டாங்க." மூச்சு வாங்கினார். "பதினோரு வருஷ சிநேகிதன்னு சொல்லுவல்ல நீ?"

போனை மாட்டினேன். கடிகாரத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. பார்த்தேன். ஆறு.

வெண்டல் சிரித்துக்கொண்டே வந்தான். "எந்த ஊருடா?"

"இந்த ஊருதான்," என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மறைக்கத் துணிவில்லை. என் மேல் கையை ஓங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் வேலியைப் பிடித்துக்கொண்டு கேரி இருந்த வரிசையைப் பார்த்தான். அவள் இன்னும் பக்கத்தில் இருந்தவர்களிடம் கை குலுக்கிக்கொண்டிருந்தாள்.

மறுபடியும் போன். மேனேஜர். "வெண்டலை எழுப்பு. சீக்கிரம்."

அவன் பையைத் திறந்து கையுறையை எடுத்தான். நான் குனிந்து உட்கார்ந்தேன். எட்டு பந்து எறிந்தான். வழக்கமாக ஒவ்வொன்றுக்கும் "அருமை" என்பேன், அவன் பதிலுக்கு ஒரு கெட்ட வார்த்தை சொல்வான். அன்றைக்கு இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. எட்டாவது பந்தில் என் கட்டைவிரல் பின்பக்கம் மடங்கியது. எனக்கு வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

வேலிக் கதவு திறந்து அவன் மைதானத்துக்குள் ஓடியபோது கூட்டம் முதலில் திகைத்தது. பிறகு ஒரு குடிகாரன் கத்தினான்: "யோவ், இன்னும் போகலையா நீ? கைதட்டினதைத் திருப்பிக் குடுய்யா!" எல்லோரும் சிரித்தார்கள். பாவிகள், அவர்களுக்கு என்ன தெரியும்? வெண்டல் பத்து பந்தில் எதிரணியில் ஆட வந்த மூன்று பேரையும் வெளியேற்றினான். அந்த வருஷம் அவன் அவ்வளவு நன்றாக எறிந்ததே இல்லை. எங்களுக்கு முப்பத்தெட்டாவது வெற்றி.

எல்லோரும் கிளம்பிய பிறகு, உடை மாற்றும் அறைக்குப் போகும் நடையில் நின்றுகொண்டிருந்தேன். கட்டைவிரல் கத்தரிக்காய் நிறத்துக்கு வீங்கியிருந்தது. வெண்டல் குளித்துவிட்டு வந்தான். என் முன்னால் நின்றான்.

"இப்பக் கட்டிப்பிடிடா," என்றான். "கேமரா இல்ல. இப்ப ஒண்ணும் கெட்டுப் போகாது. பிடி."

என் கை எழவில்லை. அவன் காத்திருந்தான். அப்புறம் அவனாகவே என் தோளில் நெற்றியை வைத்தான், முதுகு குலுங்கியது. அங்கே எங்களைப் படம் எடுக்க ஒருத்தரும் இல்லை.