சக்கரபாணி திருப்பி அனுப்பிய பெட்டி

"பார்சல் வந்துச்சும்மா. திருப்பி அனுப்பிட்டேன்."

இதைச் சொன்னபோது சக்கரபாணியின் முகத்தில் பெருமை வழிந்தது. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தவனுக்கு வருகிற பெருமை.

அவர் கம்பெனியில் சரக்குக்குத் தரம் பார்க்கிற அமலா, கையிலிருந்த சாம்பிள் பையை மேஜைமேல் மெதுவாக வைத்தாள். இல்லாவிட்டால் தூக்கி எறிந்திருப்பாள். இன்று ராத்திரி விமானம். நாளைக் காலை மும்பையில் கூட்டம். வெளிநாட்டு வியாபாரிகள் வரிசையாக உட்கார்ந்திருக்க, திண்டிவனத்து மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, எப்படிப்பட்டது என்று அவள் திரையில் போட்டுக் காட்ட வேண்டும். காட்டுவதற்கென்று வாங்கிய லேப்டாப் அந்தப் பார்சலுக்குள் இருந்தது.

ஏன் சார் திருப்பினீங்க என்று கேட்டாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"காலி டப்பாம்மா அது. கையில வாங்கினேன், காத்து மாதிரி இருக்குது. மூட்டைய தூக்கிப் பாத்தே வெல சொல்றவன் நான், எங்கிட்டயேவா? ஒன்ன எவனோ நல்லா ஏமாத்திக்கினு இருக்கான்."

மண்டி நடத்தி ஏற்றுமதிக்கு வந்த மனிதர் சக்கரபாணி. மூட்டையின் ஒரு முனையைப் பிடித்து அரை அடி தூக்குவார், கண்ணை மூடுவார், விலை சொல்வார். கனத்தால் பருப்பு, கனக்காவிட்டால் பொக்கு. உள்ளே ஒன்றுமில்லாத வெறும் தோடு. அவர் பொக்கு என்று சொன்ன மூட்டையைத் திண்டிவனத்தில் வேறு எவனும் தொடமாட்டான். அப்படிப்பட்ட கை, இன்று காலை ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

கூரியர் பையன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தானாம். டப்பாவில் சோப்புக்கட்டி வைத்து அனுப்புகிற கதையெல்லாம் பேப்பரில் படிக்கிறேன், என்னிடம் நடக்காது என்று இவர் விரட்டிவிட்டாராம்.

பின்னாலிருந்து கோபி எட்டிப் பார்த்தான். சக்கரபாணியின் அக்கா மகன். போன வருஷம் இதே கூட்டத்துக்குப் போனவன் அவன்தான்.

"பேஜாரே வாணாம் மாமா. நான் போயிட்டு வர்றேன். எங்கிட்ட பெரிய லேப்டாப்பே இருக்குது."

இருந்தது. அம்மிக்கல் மாதிரி. கேம் ஆடுவதற்காக வாங்கியது, தோளில் மாட்டினால் தோள் ஒரு பக்கம் இறங்கும். சக்கரபாணிக்கு அதன்மேல் தனி மரியாதை. அந்தக் கனத்தைக் கையோடு கொண்டுபோனதால்தான் போன வருஷம் கோபி சாம்பிள் பைகளைப் பெரிய பெட்டியில் போட்டு விமானத்தின் வயிற்றுக்குள் அனுப்பினான். அவன் மும்பையில் இறங்கினான், மல்லாட்டை வேறு ஏதோ ஊரில் இறங்கியது. வெறும் படத்தைக் காட்டிவிட்டு, ஒரு ஆர்டரும் இல்லாமல் திரும்பினான்.

சக்கரபாணி கடிகாரத்தைப் பார்த்தார். நாலு மணிக்குள் மெஷின் அமலா கைக்கு வந்தால் அவள் போகலாம், வராவிட்டால் கோபி. அதற்குமேல் பேச்சில்லை.

அமலா விழுப்புரத்துக் கடைக்குப் போன் போட்டாள். லேப்டாப்பை விற்ற சித்தார்த்தன் பதறிப்போனார். நேற்று அவரே கையால் பெட்டி கட்டி, கம்பெனி பேருக்குப் பில் போட்டு அனுப்பியிருக்கிறார். திருப்பிய பார்சல் வண்டியோடு விழுப்புரம் கூரியர் கிடங்குக்கு வரும், ஆனால் தன் கைக்கு நாளைக்குத்தான் கொடுப்பார்கள் என்றார்.

"அப்ப நான் விழுப்புரம் போறேன் சார்" என்று பையை எடுத்தாள்.

"இரும்மா, நானும் வர்றேன். அங்கியே பிரிச்சு, காலி டப்பாவ அந்தக் கடைக்காரன் மூஞ்சில காட்டறேன்."

சூட்கேஸ், சாம்பிள் பை, அமலா, சக்கரபாணி. கார் புறப்பட்டது. சென்னைக்குப் போகவேண்டியவள் நேர் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தாள்.

அந்த மெஷினைத் தேர்ந்தெடுக்க அவள் பட்ட பாடு சக்கரபாணிக்குத் தெரியாது. இரண்டு மாத ஞாயிற்றுக்கிழமைகள். சித்தார்த்தன் கடையில் முதல் நாளே ஆபீஸ் சாம்பிள் தராசைப் பையிலிருந்து எடுத்து வைத்துவிட்டாள். கடலை நிறுக்கிற தராசில் கம்ப்யூட்டரை நிறுக்கிற முதல் கஸ்டமர் நீங்கதான் மேடம் என்று அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. சார்ஜரையும் சேர்த்து வையுங்கள் என்றாள். அங்கேதான் பல மெஷின்களின் வண்டவாளம் வெளியே வந்தது. ஒன்று இலை மாதிரி இருந்தது, சார்ஜர் செங்கல் மாதிரி இருந்தது. இன்னொன்று எல்லாம் சரி, ஆனால் சித்தார்த்தன் ஒரு நாள் இரவல் கொடுத்தபோது தாம்பரம் போவதற்குள் பேட்டரி படுத்துவிட்டது. மூன்றாவது மெஷினை மடியில் வைத்து பஸ்ஸில் தட்டினால் திரை தலையாட்டியது. கடைசியில் வந்தது இது. போனுக்குப் போடுகிற சார்ஜரே இதற்கும் போதும். வெயிலில் திரை கண்ணாடியாகாது. சார்ஜரோடு சேர்த்து நிறுத்தால் தராசு ஒரு கிலோவைத் தொடவில்லை.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் வரிசை நின்றது. முன்னால் ஒரு கரும்பு லாரி நகர மறுத்தது. சக்கரபாணி எடையின் மகத்துவத்தைப் பற்றி விடாமல் பேசிக்கொண்டே வந்தார். நகை கனக்கணும், கதவு கனக்கணும், காசு கொடுத்து வாங்குகிற எதுவும் கையில் கனக்கணும். அமலா போனைப் பார்த்தாள். சொந்த ஊர் கெடாரிலிருந்து அம்மா செண்பகம். காலையிலிருந்து ஐந்தாவது தடவை. மகள் பிளேனில் போகிற செய்தியைத் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது, மாதா கோயிலில் மெழுகுவத்தியும் ஏற்றியாகிவிட்டது. ஊரார் கொல்லையில் கூலிக்கு மல்லாட்டை ஆய்ந்தவள் செண்பகம். அதே மல்லாட்டைக்குத் தரம் சொல்கிறவளாக மகள் மும்பைக்குப் போகிறாள். கிளம்பியாச்சா என்று கேட்டாள். கிளம்பியாச்சும்மா என்றாள் அமலா. எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை.

விழுப்புரம் கிடங்கு. மணி மூன்றைத் தாண்டியிருந்தது. வண்டி வந்து சரக்கு இறங்கியிருந்தது. இரும்பு ராக்கில், இரண்டு பெரிய மூட்டைகளுக்கு நடுவே, அந்தப் பெட்டி. கைக்கெட்டுகிற தூரம்தான். கிடங்கு மேனேஜர் மாசிலாமணி குறுக்கே நின்றார்.

"வாங்க மாட்டேன்னு சிஸ்டத்துல ஏறிடுச்சு மேடம். என் கையில ஒன்னுமில்ல."

சித்தார்த்தனும் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். அனுப்பினவன் நான்தான், கொடுங்கள் என்றார். நடக்கவில்லை. கடைசியில் மாசிலாமணி இரக்கப்பட்டு ஹெட் ஆபீசுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். ஒரு பெண் குரல் நிதானமாக வழி சொன்னது. வேண்டாம் என்று யார் சொன்னாரோ, அவரே தன் வாயால், தவறுதலாகத் திருப்பிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். கால் பதிவாகும். சொன்ன அடுத்த நிமிஷம் பார்சல் கிடைக்கும்.

எல்லோரும் சக்கரபாணியைப் பார்த்தார்கள்.

சுமை இறக்கிக்கொண்டிருந்தவர்களும் நின்றுவிட்டார்கள். அதில் ஒருவர் திண்டிவனம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். மண்டிக்காரர் உள்ளே நுழைந்தபோதே ஒரு வணக்கம் வைத்திருந்தார்.

சக்கரபாணி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "தப்பா? நானா? மொதல்ல பிரிங்க. உள்ள சரக்கு இருந்தா சொல்றேன்."

சொல்லாமல் பிரிக்க முடியாது என்றார் மாசிலாமணி. பிரிக்காமல் சொல்ல முடியாது என்றார் சக்கரபாணி. போனில் அந்தப் பெண், லைன்ல இருக்கீங்களா சார் என்று கேட்டாள்.

அப்போது அவர் சட்டைப்பை அதிர்ந்தது. எடுத்தார். கோபியின் குரல் வெளியே கேட்டது.

"மாமா, நான் கெளம்பட்டா? பையெல்லாம் ரெடி."

சக்கரபாணி போனைக் காதிலிருந்து எடுத்து அமலாவைப் பார்த்தார். கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. அவள் கெஞ்சவில்லை. தோளிலிருந்த சாம்பிள் பையை இறக்கி அவர் முன்னால் வைத்தாள்.

"சார், அந்தப் பெட்டி லேசாதான் இருக்கும். லேசா இருக்கணும்னுதான் ரெண்டு மாசம் தேடினேன். அந்த லேசுக்குத்தான் காசே."

"எதுக்கும்மா?"

"பிளேன்ல கையோட ஏழு கிலோதான் உடுவாங்க. பைக்கு ஒரு கிலோ போயிடுது. மிஷினு ஒரு கிலோவத் தாண்டலன்னா மிச்சம் அஞ்சும் நம்ம மல்லாட்டை. இருக்கற எடைய எல்லாம் நம்ம சரக்குக்குக் குடுத்துட்டேன் சார்."

சக்கரபாணி சாம்பிள் பையைப் பார்த்தார். ரகத்துக்கு ஒரு கிலோவாக ஐந்து பொட்டலம். ஒவ்வொன்றிலும் அவள் கையால் ஒட்டிய சீட்டு.

"நீங்க சொல்லலன்னா கோபியே போவட்டும்" என்றாள் அமலா. "ஆனா இத மட்டும் பெரிய பெட்டில போட உடாதீங்க. மடியில வெச்சுக்கினு போவச் சொல்லுங்க."

சக்கரபாணி கோபியின் அழைப்பைத் துண்டித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு மாசிலாமணியின் போனை வாங்கினார். மார்க்கெட்டில் ஏலம் கூவுகிற அதே குரலில், சுமைக்காரர்கள் கடைசி ஆள்வரை கேட்கும்படி பேசினார்.

"திண்டிவனம் சக்கரபாணி பேசறேன். நல்ல சரக்க நான்தான் பொக்குன்னு சொல்லிட்டேன். தப்பு என் கையோடது. பார்சல எங்க அமலா மேடம் கையில குடுங்க."

போனில் அந்தப் பெண்ணுக்குப் பொக்கு புரிந்ததோ இல்லையோ, நன்றி சார் என்றாள்.

பெட்டி வந்தது. அமலா நாடாவைக் கிழித்தாள். அட்டைக்குள் அட்டை, அதற்குள் உறை, அதற்குள் சாம்பல் நிறத்தில் மெலிதாக அது. பொத்தானை அழுத்தினாள். ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லை. பிறகு திரை விழித்தது. சக்கரபாணி அதை ஒற்றைக் கையில் வாங்கினார். பழக்கதோஷம், அரை அடி தூக்கினார், கண்ணை மூடினார். எதுவும் பிடிபடவில்லை. கண்ணைத் திறந்தபோது சிரிப்பு வந்துவிட்டது.

"இதுக்குள்ள எல்லாம் இருக்குதா?"

"இருக்குது சார்."

கோபி மறுபடி கூப்பிட்டான். இந்தத் தடவை சக்கரபாணி பதில் சொன்னார். "நீ கடைய பாத்துக்க. நாங்க ஏர்போர்ட்டு போறோம்" என்று வைத்துவிட்டார்.

பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று அமலா சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை. கார் வடக்கே திரும்பியது. இப்போது சரியான திசை. அவள் முன்பே கொடுத்திருந்த படங்களோடு தேவையானதையெல்லாம் சித்தார்த்தன் பெட்டி கட்டுமுன்பே மெஷினில் ஏற்றியிருந்தார். அமலா மடியில் மெஷினைத் திறந்து, தன் படங்கள் ஒவ்வொன்றாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாள். ரகங்கள், எண்ணெய்ச் சத்து, பருப்பின் அளவு, கழுவிக் காயப்போட்ட களம். சக்கரபாணி சாலையைப் பார்ப்பதும் திரையைப் பார்ப்பதுமாக இருந்தார். ரோட்டப் பாருங்க சார் என்று அவள் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

திண்டிவனம் வந்தது. சக்கரபாணியின் கடைக்குப் பிரிகிற சாலையில் கார் வேகம் குறையவில்லை.

"உன் பேரு எங்கம்மா வருது?"

"கடைசி பக்கத்துல. கீழ."

"கீழயா?" சக்கரபாணி ஹாரனை ஓங்கி அடித்து ஒரு பஸ்ஸை ஒதுக்கினார். "மொதப் பக்கத்துல போடு. கம்பெனி பேருக்குப் பக்கத்துல."

அமலா முதல் பக்கத்துக்குப் போனாள். அடித்தாள்: பி. அமலா, தர மேலாளர். பார்த்தாள். எழுத்து சின்னதாகத் தெரிந்தது. யாரும் சொல்லாமலே இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினாள்.