நல்ல பாம்பு

கடைக்குள் எமிலியானுஸால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கிளிக்கூண்டுப் பக்கம் போனான், மீன்தொட்டிப் பக்கம் போனான், திரும்பி வந்தான். மட்டக்களப்பிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த மனுஷன், பிரெஞ்சு பேசும் இந்தப் பனிநாட்டு டவுன்டவுனில் போய்ப் பாம்பு வாங்க நிற்கிறான். பாம்பென்றால் சின்ன வயதிலிருந்தே அவனுக்குக் குலைநடுக்கம்.

எல்லாம் மகளுக்காக. எண்பத்துமூன்றில் அவன் நாட்டை விட்டபோது அஞ்சலீனா தவழ்ந்துகொண்டிருந்தாள். ஐந்து வருடம் கழித்துத் தாயோடு வந்திறங்கியவள் இன்றுவரை அவனை அப்பா என்று கூப்பிடவில்லை. தாயிடம் சொல்வதென்றால் ‘அவர்’. நேரே பேசுவதென்றால், இங்கே பாருங்கள் என்பதுபோல், ‘இஞ்ச’. உணவகக் குசினியில் சட்டி தேய்க்கும்போதெல்லாம் அந்த ‘இஞ்ச’ அவனைப் போட்டுக் குடைந்தது. அவள் வாய்திறந்து அவனிடம் கேட்ட முதல் பொருள் இந்தக் கடைக் கண்ணாடிக்குள் கிடந்த பாம்பு. ஒரு பூனையைக் கேட்டிருக்கக் கூடாதா?

கடைக்காரர் மூன்று பாம்புகளைக் காட்டினார். மூன்றும் விஷமில்லாதவையாம். ஒன்று சீறியது. ஒன்று சுருண்டு கிடந்து முகமே காட்டவில்லை. செம்மஞ்சள் நிறத்து மூன்றாவது, அஞ்சலீனாவின் விரல்களுக்கிடையே நிதானமாக ஊர்ந்தது.

“வடிவாத் தின்னுமா?” என்று எமிலியானுஸ் தன் குசினிப் பிரெஞ்சில் கேட்டுவைத்தான். தின்னுமாம்.

“இதுதான்” என்றாள் அஞ்சலீனா.

கடைக்காரர் அதைத் துணிப்பைக்குள் விட்டுக் கட்டி, வெளியே கொட்டும் பனியைக் காட்டி, எமிலியானுஸின் வயிற்றைக் காட்டி ஏதோ சொன்னார்.

“குளிர் பட்டாச் செத்திருமாம். உங்கட சட்டைக்குள்ள வைக்கட்டாம்.” பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு அவளுக்கு நன்றாகவே பிடிபட்டிருந்தது.

மகள் அவன் முகத்தையே பார்த்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு பையை உள்ளே செருகினான்.

மெட்ரோ வாசலிலிருந்து வீட்டுக்குப் போன் எடுத்தான். மனைவி அக்னெஸ் வளர்ப்பு மீன் வரப்போகிறதென்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

“மீனில்ல. பாம்பு. பயப்படாத, நல்ல பாம்பு.”

போன் வைக்கப்பட்டது. ரயில் இரண்டு நிலையம் தாண்டிய பிறகுதான் தான் சொன்னது அவனுக்கு உறைத்தது. சாதுவானது என்று சொல்ல வாயெடுத்தவன், படமெடுக்கிற நாகத்தையல்லவா சொல்லித் தொலைத்திருக்கிறான்! வயிற்றில் பை நெளிந்தது. இருந்தான், எழுந்தான், மறுபடி இருந்தான்.

வீட்டு வெளிப்படியேறிப் போனால் கதவு சங்கிலி போட்டுக் கிடந்தது.

“நாகத்தோட இந்த வீட்டுக்க வராதீங்க!”

“நாகமில்ல புள்ள, நல்ல…” என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டான்.

உள்ளே அக்னெஸ் மாதாவைக் கூப்பிட்டு அழுதாள். வெளியே காற்று ஊசியாய்க் குத்தியது. இந்தப் பாம்பு செத்தால் தனக்கு வரவேண்டிய சொல்லும் அதோடு போய்விடும் என்று எமிலியானுஸுக்குப் பட்டது. கழுத்துச் சால்வையை உருவி, கோட்டுக்கு மேலே வயிற்றைச் சுற்றிக் கட்டினான். வெறுங்கழுத்தில் பனி விழுந்தது. பற்கள் கிடுகிடுத்தன. கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான்.

அஞ்சலீனா அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் கதவில் அறைந்தாள்.

“அம்மா! திறங்க! அப்பாக்குக் குளிருது!”

சங்கிலி கழன்றது. விளக்குமாற்றோடு நின்ற அக்னெஸ் புருஷனின் முகத்தைப் பார்த்துப் பதறினாள். “ஐயோ, கடிச்சிட்டுதா?”



“இல்லம்மா,” என்றாள் அஞ்சலீனா. “அப்பா சும்மா அழுறார்.”